பத்து விரல் டைப்பிங்கா, ஷார்ட்கட்டா? எதை முதலில் பழகுவது?

மழைத்துளி:
எல்லோருக்கும் வணக்கம். எனக்கு நாள் முழுக்க கம்ப்யூட்டரில்தான் வேலை. மெயிலுக்குப் பதில், அப்புறம் அறிக்கைகள் (பாதி தமிழில், பாதி ஆங்கிலத்தில்), நடுநடுவே எக்செல். நாலைந்து விரலால் கீபோர்டைப் பார்த்துப் பார்த்துத்தான் அடிக்கிறேன், நிமிடத்துக்கு 35 வார்த்தைக்கு மேல் ஏறவில்லை. பக்கத்து சீட்டில் இருப்பவர் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், மவுஸைத் தொடாமல் அதே வேலையைச் சீக்கிரமே முடித்துவிடுகிறார். பத்து விரல் முறையை முதலிலிருந்து கற்கலாம் என்றால் ஆரம்பத்தில் இருக்கிற வேகமும் போய்விடும் என்கிறார்கள், வேலை தேங்கினால் என்ன செய்வது? ஷார்ட்கட் மட்டும் பழகினால் போதுமா? பெரிய பெரிய பட்டியலாகக் கிடைக்கிறது, படித்த வேகத்தில் மறந்துவிடுகிறது.

விசைவிரும்பி:
ஷார்ட்கட்டிலிருந்து தொடங்குங்கள், பலன் உடனே தெரியும். ஆனால் பட்டியலைத் தூக்கிப் போடுங்கள். உங்கள் கை எதற்காக மவுஸுக்குப் போகிறது என்று ஒரு நாள் கவனியுங்கள், அதிகம் போகிற இடத்துக்கு மட்டும் ஒரு ஷார்ட்கட், அது கையில் படிந்த பிறகு அடுத்தது. எழுத்து வேலை செய்பவர்கள் பெரும்பாலும் மவுஸைத் தேடுவது ஒரு வார்த்தையைத் திருத்தத்தான். உதாரணமாக "கூட்டம் வியாழன் மாலை நடைபெறும்" என்று அடித்துவிட்டீர்கள், கர்சர் கடைசியில் நிற்கிறது, வியாழனை வெள்ளி ஆக்க வேண்டும். கண்ட்ரோலைப் பிடித்துக்கொண்டு இடது அம்புக்குறியை இரண்டு முறை தட்டினால் "மாலை"க்கு முன்னால் வந்து நிற்கும். அங்கே கண்ட்ரோல் + பேக்ஸ்பேஸ் ஒரே ஒரு தட்டு, "வியாழன்" முழுதாகப் போய்விடும். "வெள்ளி" என்று அடித்து ஒரு ஸ்பேஸ் விட்டு, எண்ட் விசையைத் தட்டினால் வரிக் கடைசிக்கு வந்துவிடலாம். கண்ட்ரோலோடு ஷிஃப்டையும் சேர்த்துப் பிடித்தால் நகர்கிற வழியெல்லாம் செலக்ட் ஆகும். இந்த ஒன்று மட்டும் கைவந்தாலே வேலை செய்கிற விதம் மாறிவிடும் என்பது என் உறுதியான கருத்து.

நிதானம்:
மேலே சொன்னது சரிதான், ஆனால் டைப்பிங்கைத் தள்ளிப்போடாதீர்கள். கீபோர்டைப் பார்த்து அடிக்கும்போது இழப்பு வேகத்தில் மட்டும் இல்லை, திரையில் விழுந்த பிழை மூன்று வார்த்தை தாண்டிய பிறகுதான் கண்ணில் படுகிறது, திரும்பிப் போய்த் திருத்துவதில்தான் நேரம் கரைகிறது.

பத்து விரல் என்பதை வேதவாக்காக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஃபின்லாந்தின் ஆல்டோ பல்கலைக்கழகமும் கேம்பிரிட்ஜும் சேர்ந்து 1,68,000 பேரின் டைப்பிங்கை ஆராய்ந்து 2018-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். சராசரி நிமிடத்துக்கு 52 வார்த்தை. முறையாகப் படித்தவர்களுக்கும் தானாகப் பழகியவர்களுக்கும் வேகத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. வேகமாக அடிப்பவர்கள் பிழை குறைவாகச் செய்கிறார்கள், ஒரு விசையிலிருந்து விரலை எடுக்கும் முன்பே அடுத்த விசையை அழுத்திவிடுகிறார்கள். ஆகவே ஒரு எழுத்துக்கு எப்போதும் ஒரே விரல் என்பதை முதலில் நிலைப்படுத்துங்கள். எஃப், ஜே இரண்டிலும் சின்ன மேடு இருக்கும், சுட்டுவிரல்கள் அங்கே இருந்தால் மற்ற விசைகள் எங்கே என்று பார்க்காமலே தெரியும். பயிற்சியைத் தினமும் தனியாகக் கொஞ்ச நேரம் வைத்துக்கொண்டு, அலுவலக வேலையைப் பழைய முறையிலேயே செய்யுங்கள். புதியது பழையதை எட்டிப் பிடிக்கும்போது மாறிக்கொள்ளலாம், வேலை தேங்காது. பயிற்சியில் வேகத்தைப் பார்க்கவே பார்க்காதீர்கள், பிழையில்லாமல் அடிப்பதுதான் குறி.

கட்டம்போடுபவர்:
எக்செல் என்றதால் இதையும் சொல்லிவிடுகிறேன். செல்லுக்குள் திருத்த டபுள் கிளிக் வேண்டாம், எஃப்2. பெரிய அட்டவணையின் அடிக்குப் போக கண்ட்ரோல் + கீழ் அம்பு, மேல் செல்லில் உள்ளதைக் கீழே இறக்க கண்ட்ரோல் + டி, கூட்டுத்தொகைக்கு ஆல்ட் + சமக்குறி. இன்னொன்று, விண்டோஸ் 10, 11-இல் விண்டோஸ் + வி அழுத்தினால் சமீபத்தில் காப்பி செய்தவை வரிசையாக வரும் (முதல் முறை ஆன் செய்யச் சொல்லிக் கேட்கும்). இரண்டு ஃபைலுக்கு நடுவே மாறி மாறிப் போய் ஒவ்வொன்றாக ஒட்டுகிற வேலையே மிச்சம்!

அகரமுதல்வி:
தமிழ் டைப்பிங் பற்றி யாரும் பேசவில்லையே. பாதி அறிக்கை தமிழில் என்றால் அங்கேதான் பெரிய லாபம் இருக்கிறது. ஆங்கில எழுத்தில் அடித்துத் தமிழாக மாற்றும் முறையில் "வணக்கம்" என்பதற்கு எட்டு விசை, நடுவில் ணகரத்துக்காகப் பெரும்பாலும் ஷிஃப்ட் வேறு. தமிழ்99 என்ற தமிழ் விசைப்பலகை அமைப்பில் வ, ண, க, க, ம, புள்ளி என்று ஆறே தட்டு, ஷிஃப்டே கிடையாது, இரண்டு ககரம் அடுத்தடுத்து வந்தால் முதல் ககரத்துக்குப் புள்ளி தானாக விழுந்துவிடும். உயிரெழுத்துகள் இடக்கைப் பக்கம், மெய்கள் பெரும்பாலும் வலக்கைப் பக்கம் என்பதால் இரண்டு கையும் மாறி மாறி ஓடும். எப்படியும் புதிதாக விரல் பழக்கப் போகிறீர்கள், தமிழை இதில் பழகுங்கள். ஆங்கிலப் பழக்கத்தோடு குழம்புமோ என்று பயப்படத் தேவையில்லை, இரண்டு பழக்கத்தையும் கை தனித்தனியாகவே வைத்துக்கொள்கிறது.

மழைத்துளி:
எல்லோருக்கும் ரொம்ப நன்றி. கண்ட்ரோல் + பேக்ஸ்பேஸ் இப்போதே முயன்று பார்த்தேன், இவ்வளவு நாளும் ஒவ்வொரு எழுத்தாகத் தேய்த்துக்கொண்டிருந்தேன். வீட்டில் இருப்பது மேக், அதில் இதெல்லாம் உண்டா?

விசைவிரும்பி:
உண்டு. வார்த்தை வார்த்தையாக நகர ஆப்ஷன் + அம்புக்குறி, வார்த்தையை அழிக்க ஆப்ஷன் + டெலீட், வரிக் கடைசிக்கு கமாண்ட் + வலது அம்பு. காப்பி, பேஸ்ட் போன்றவற்றுக்கு கண்ட்ரோலுக்குப் பதில் கமாண்ட், அது கட்டைவிரலுக்கு வசதியான இடத்தில் இருக்கிறது. முதலில் ஒரு மெஷினில் நன்றாகப் பழகிக்கொண்டு அடுத்ததற்குப் போங்கள்.