ஏ.டி.எச்.டி. சிகிச்சை: பெரியாஸ்பத்திரிக்கு அலைவதா, காசு கொடுப்பதா?

பனியன்_34 (திருப்பூர்): வயது 34. மெர்ச்சன்டைசர் வேலை. ஷிப்மெண்ட் தேதியை இரண்டு முறை கோட்டை விட்டேன். தனியார் டாக்டர் ஏ.டி.எச்.டி. (கவனக்குறைவு, துறுதுறுப்புக் கோளாறு) என்றார், மாதாமாதம் ஃபீஸ், மாத்திரை கட்டுப்படியாகவில்லை. அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்குப் போனேன். பொறுமையாகத்தான் கேட்டார்கள். "12 வயசுக்கு முன்னாடி எப்படி இருந்தீங்க? அம்மாவைக் கூட்டிட்டு வாங்க" என்றார்கள். அடுத்த வாரம் அம்மா வந்தார், ஓ.பி. நோட்டை வீட்டில் விட்டுவிட்டேன். புதுச் சீட்டு, வேறு டாக்டர், முதலிலிருந்து கதை. இது சரிப்பட்டு வருமாங்க?

தறிக்காரர் (சோமனூர்): தம்பி, கோவிச்சுக்காதீங்க. எங்கப்பா தறியில் நூல் அறுந்தால் சத்தத்திலேயே கண்டுபிடிப்பார். அந்தக் காலத்தில் ஏது இந்த வியாதி? போனை ஒரு மாதம் தூர வையுங்க. காய்ச்சலில் நடுங்குகிறவர் நிற்கும் சீட்டு வரிசையில் மறதிக்கு நிற்பது நியாயமா?

மருந்துக்கடை (கோபி): அண்ணா, போன் கைக்கு வருவதற்கு முன்பே இருந்ததா என்று பார்க்கத்தான் அம்மாவைக் கூப்பிடுகிறார்கள். வரிசை நியாயமா என்றால், அரசு நடத்தும் சேவையில் மனநல சிகிச்சை பெறுவதை 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டம் பிரிவு 18 உரிமை என்றே சொல்கிறது.

மாத்திரைதான் சிக்கல். இதற்குக் கொடுக்கும் மெத்தில்ஃபெனிடேட், அட்டவணை எக்ஸ் என்ற கடும் கட்டுப்பாட்டுப் பட்டியலில் உள்ள மருந்து. விற்கத் தனி லைசென்ஸ் வேண்டும். டாக்டர் சீட்டு இரண்டு பிரதி, ஒன்றைக் கடையில் 2 ஆண்டு வைத்திருக்க வேண்டும். இந்தத் தொல்லைக்கே நான் அதை வாங்கி வைப்பதில்லை, மறைப்பானேன். அடமாக்ஸெட்டின் என்ற இன்னொரு மருந்துக்கு இந்தக் கெடுபிடி இல்லை, ஆனால் வேலை செய்யச் சில வாரம் ஆகும். எது பொருந்தும் என்று டாக்டரிடம் கேளுங்க.

அம்மணி (அவிநாசி): உரிமை இருக்குது, சரிங்க. அதை வாங்க விடியக்காலம் கிளம்பணும், நோட்டு மறக்கக்கூடாது, சொன்ன தேதிக்குப் போகணும். இத்தனையும் ஒழுங்காகச் செய்ய முடிந்தால் அவருக்கு மாத்திரை எதுக்கு? வீட்டுக்காரருக்காக நாலு மாதம் அலைந்தோம். சும்மா கிடைக்கிறது என்பார்கள். ஒவ்வொரு தடவையும் ஒரு நாள் கூலி போச்சு. கடைசியில் தனியாரிடமே போய்விட்டோம்.

தறிக்காரர்: அதைத்தானே நானும் சொல்றேன். தனியாரிடமே போகட்டும்.

அம்மணி: ஏனுங்க அண்ணா, நீங்க வியாதியே இல்லைன்னுதானே சொன்னீங்க?

மருந்துக்கடை: அக்கா சொல்வது நிஜம். ஆனால் வருடக்கணக்கில் ஓடும் வைத்தியத்தைச் சம்பளக்காரர் தனியாரில் எத்தனை நாள் இழுப்பார்? தனியார் டாக்டர் சீட்டு, பள்ளி ரிப்போர்ட் கார்டு இரண்டையும் ஜெராக்ஸ் எடுத்து ஓ.பி. நோட்டிலேயே ஒட்டிவிடுங்க, டாக்டர் மாறினாலும் கதை முதலிலிருந்து வேண்டாம். இடையில் பேச அரசின் மனநல உதவி எண் டெலி மனாஸ் 14416 இருக்கிறது, தமிழிலேயே பேசலாம், கட்டணமில்லை.

பனியன்_34: ரிப்போர்ட் கார்டை அம்மா டிரங்குப் பெட்டியில் வைத்திருக்கிறார். அஞ்சாம் வகுப்பு டீச்சர் எழுதியது: "கெட்டிக்காரன், ஓரிடத்தில் உட்காருவதில்லை." சரி, இன்னொரு தடவை போய்ப் பார்க்கிறேன்.

தறிக்காரர்: நோட்டு?

பனியன்_34: அதுவும் அந்தப் பெட்டியில்தானுங்க.