ஈரோட்டில் பிறந்த வி. ராஜாராமன் யார்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

கிருஷ்ணகிரி மாணவன்:
வணக்கம். பி.காம். முடித்துவிட்டு எம்.சி.ஏ. படிக்கிறேன். காலேஜ் லைப்ரரியில் வி. ராஜாராமன் எழுதிய, ஃபோர்ட்ரான் 77 என்ற கம்ப்யூட்டர் மொழி பற்றிய பழைய புத்தகம் கிடைத்தது. நம்ம பக்கத்து ஈரோட்டில் பிறந்தவராமே, யார் இவர்? இன்னொன்று, ஃபோர்ட்ரானில் ஒவ்வொரு வரியையும் ஏழாவது கட்டத்தில்தான் ஆரம்பிக்க வேண்டும் என்கிறார்கள், ஏன்? இந்தக் காலத்தில் இதைப் படித்துப் பிரயோஜனம் உண்டா?

ஓசூர்வாசி:
தம்பி, நீ எம்.சி.ஏ. படிப்பதற்கே அவர் ஒரு காரணம். 1980களின் தொடக்கத்தில் கம்ப்யூட்டர் துறைக்கு எவ்வளவு ஆள் வேண்டும் என்று ஆராய அரசு போட்ட குழுவுக்கு அவர்தான் தலைவர். பி.இ. படிக்காத பட்டதாரிகளும் வரட்டும் என்று அந்தக் குழு சொன்னதில் வந்ததுதான் இந்தப் படிப்பு. 1933இல் பிறந்தவர். படித்தது பெங்களூர் ஐஐஎஸ்சி, அமெரிக்காவில் எம்ஐடி, பிறகு விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம், அங்கேயே வேலையும் இருந்தது, அதை விட்டுவிட்டு 1963இல் கான்பூர் ஐஐடிக்கு வந்துவிட்டார். அதே வருஷம்தான் அங்கே ஐபிஎம் 1620 கம்ப்யூட்டர் வந்து இறங்கியது. அந்த மெஷினுக்குக் கூட்டல்கூடத் தானாக வராது, நினைவகத்தில் வைத்திருக்கும் வாய்ப்பாட்டைப் பார்த்துத்தான் கூட்டும்! அதை வைத்துக்கொண்டு ஊர் ஊராக இருந்து வந்த பேராசிரியர்களுக்கும் விஞ்ஞானிகளுக்கும் புரோகிராமிங் சொல்லிக் கொடுத்தார்கள். 1976இல் அறிவியலுக்கான பட்நாகர் விருது, 1998இல் பத்மபூஷன்.

தருமபுரி ஆசிரியர்:
ஏழாவது கட்டம் பஞ்ச் கார்டு காலத்து வழக்கம், அதாவது நிரலை அட்டையில் துளையிட்டுக் கம்ப்யூட்டருக்குக் கொடுத்த காலம். ஒரு கார்டில் 80 கட்டம். முதல் ஐந்து வரி எண்ணுக்கு, ஆறாவது முந்தைய வரி தொடர்கிறது என்ற அடையாளத்துக்கு, 7 முதல் 72 வரை கட்டளை. கடைசி எட்டில் வரிசை எண் அடித்து வைப்பார்கள், கட்டு கை தவறிச் சிதறினால் திரும்ப அடுக்க அதுதான் துணை.
அவருடைய பெரிய காரியம் என்று நான் சொல்வது புத்தகங்களைத்தான். 1969இல் முதல் புரோகிராமிங் புத்தகம் வந்தபோது விலை 15 ரூபாய். வெளிநாட்டுப் புத்தகத்தைத் தொட முடியாத காலம் அது. அப்புறம் நியூமரிக்கல் மெத்தட்ஸ், சி மொழி என்று எழுதிக்கொண்டே இருந்தார். நாங்கள் படித்தபோது ஆளாளுக்கு ராஜாராமன் புத்தகம்தான்.

சேலம் மெயின்ரோடு:
மரியாதை எல்லாம் சரி சார், ஆனால் வேலைக்குப் போகிற பையன் ஃபோர்ட்ரானில் நேரத்தைப் போடலாமா? பைத்தான் படிக்கச் சொல்லுங்கள்.

தருமபுரி ஆசிரியர்:
பைத்தானும் படிக்கட்டும், யார் வேண்டாம் என்றது? வானிலைக் கணக்குகள் இன்றும் ஃபோர்ட்ரானில் ஓடுகின்றன. தம்பி, ஃபோர்ட்ரான் நிரல்களை ஓட்ட உதவும் ஜிஃபோர்ட்ரான் கம்பைலர் இலவசம், அந்தப் புத்தகத்து நிரல்களை அதில் அடித்து ஓட்டிப் பார். எங்கே நின்றாலும் இங்கேயே போடு.