சுகத்துக்காக ஜெபித்தோம், பிறகு நடந்தது என்ன? உங்கள் அனுபவங்களைச் சொல்லுங்கள்

மருத்துவமனை ஊழியத்தில் இருக்கும் சகோதரி:

ஸ்தோத்திரம். வார்டு வார்டாகப் போய் நோயாளிகளுக்காக ஜெபிக்கிற ஊழியத்தில் பல வருஷமாக இருக்கிறேன். சுகம் கிடைத்தவர்கள் சபையில் சாட்சி சொல்கிறார்கள், நாமும் சந்தோஷமாக ஆமென் சொல்கிறோம். உபவாசமிருந்து ஜெபித்தும் பிழைக்காமல் போனவர்களுடைய வீட்டார் எங்கே போய்ப் பேசுவார்கள்? அவர்களும் இங்கே பேசட்டும் என்றுதான் இதைத் தொடங்குகிறேன்.

கணையத்தில் புற்றுநோய் முற்றிப்போன ஒரு தாய். கண்ணெல்லாம் மஞ்சள் பூத்திருந்தது. கட்டிலுக்கு எதிர்ச் சுவர் முழுக்க வாக்குத்தத்த வசனங்களை எழுதி ஒட்டியிருந்தார் கணவர். "சாவுங்கிற பேச்சை யாரும் இங்க எடுக்கக் கூடாது சிஸ்டர். நாம என்ன அறிக்கை செய்யறமோ அதுதான் நடக்கும்" என்று வாசலிலேயே என்னை நிறுத்திச் சொன்னார். அந்த அம்மாவும் யார் கேட்டாலும் "சுகமாயிட்டேன்" என்றே பதில் சொல்வார். ஒருநாள் கணவர் மருந்து வாங்கக் கீழே போன நேரத்தில் அந்த அம்மா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "அவர் வர்றதுக்குள்ள ஒரு ஜெபம் பண்ணுங்க சிஸ்டர். பயப்படாம போகணும்னு பண்ணுங்க. சின்னவளுக்கு ராத்திரியில மூச்சு இழுக்கும். அந்த இன்ஹேலரை எப்படிக் குடுக்கணும்னு பெரியவளுக்குச் சொல்லித் தரணும். சொன்னா, நான் விசுவாசத்தை விட்டுட்டேன்னு அவர் உடைஞ்சு போயிடுவாரு."

ஜெபித்தேன். பிறகு கணவரோடு வராந்தாவில் உட்கார்ந்தேன். அவராகவே யாக்கோபு 5-ஐ எடுத்தார். சபையின் மூப்பரை அழைத்து, எண்ணெய் பூசி, ஜெபம் பண்ணச் சொல்கிற பகுதி. சேர்ந்தே வாசித்தோம். படுத்திருப்பவர் தன் விசுவாசத்தை நிரூபிக்க வேண்டும் என்று அதில் எங்கும் இல்லை, ஜெபிக்கிற பொறுப்பு மூப்பர்கள் மேல் இருக்கிறது. ஒருவருக்கொருவர் குற்றங்களை அறிக்கையிடுங்கள் என்று அடுத்தாற்போலவே வருகிறது. நோயாளியின் அறையில் மனம்விட்டுப் பேச இடம் வேண்டும் என்பதுதானே அதற்கு அர்த்தம்?

பவுலின் உறுமால்களை, அதாவது கைக்குட்டைகளை, நோயாளிகள்மேல் கொண்டுபோய்ப் போட்டபோதே எபேசுவில் வியாதிகள் நீங்கின என்பது கணவருக்கு மனப்பாடம். 2 தீமோத்தேயு 4:20-ஐ மட்டும் அவர் கவனித்ததில்லை. துரோப்பீமு என்ற கூட்டாளியை வியாதியோடு மிலேத்துவில் விட்டுவிட்டு வந்ததாக அதே பவுல் எழுதுகிறார். அந்தத் துரோப்பீமு எபேசு பட்டணத்துக்காரர்தான், அப்போஸ்தலர் 21 சொல்கிறது. அவருக்கு விசுவாசம் குறைவு என்று பவுல் ஒரு வார்த்தை எழுதவில்லை. கணவர் அந்த வசனத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தார். பிறகு, "அவளுக்கு ஏதாவது சொல்லணும்னு இருக்கா?" என்று கேட்டார்.

அன்று சாயங்காலமே பெரிய மகள் இன்ஹேலரை எடுத்துக்கொண்டு வந்தாள். அம்மா படுத்தபடியே சொல்லிக்கொடுத்தார்: முதலில் குலுக்கணும், தங்கச்சி மூச்சை முழுசா வெளியே விட்டதும் வாயில் வைக்கணும், அழுத்தும்போதே மூச்சை மெதுவா உள்ளே இழுக்கச் சொல்லணும், பிறகு கொஞ்ச நேரம் பிடிச்சிருக்கச் சொல்லணும். அந்த வாரக் கடைசியில் அவர் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். கணவர் கடைசி நிமிஷம் வரை சுகத்துக்காகத்தான் ஜெபித்தார், நானும்தான். கெத்செமனேயில் பாத்திரம் நீங்கும்படி கேட்ட ஆண்டவர், தாம் மரிக்கப்போவதைச் சீஷர்களிடம் பலமுறை வெளிப்படையாகச் சொன்னவரும்கூட. சாகப்போகிறவரின் வாயை அடைக்கிற ஒன்றை விசுவாசம் என்று சொல்ல எனக்கு மனம் வருவதில்லை.

பாலியேட்டிவ் வார்டு செவிலியர்:

அக்கா எழுதியதைப் படித்த பிறகு இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. கடைசி நாட்களில் உடம்பில் என்ன நடக்கும் என்று யாரும் சொல்லித்தராததால் குடும்பங்கள் படுகிற பயம் கொஞ்சநஞ்சமல்ல.

எங்கள் பாலியேட்டிவ் வார்டு, கடும் நோயில் வலியையும் வேதனையையும் தணிக்கிற வார்டு. அங்கே வயதான ஒரு தேவ ஊழியர் நோயாளியாக இருந்தார். ஒரு ராத்திரி போர்வையைப் பிடுங்கி எறிந்தார், இல்லாத ஆட்களோடு பேசினார், கட்டிலை விட்டு இறங்கப் பார்த்தார். "இத்தனை வருஷம் ஊழியம் செஞ்சவரு, அதனாலதான் பிசாசு இப்படிப் போராடுறான்" என்று மகன் தலைமாட்டில் நின்று சத்தமாகக் கடிந்துகொண்டிருந்தார். நான் அப்பாவின் அடிவயிற்றில் கை வைத்துப் பார்த்தேன். கல்லாட்டம் இருந்தது. சிறுநீர் வெளியேறாமல் நிறைந்துபோயிருக்கிறது, அதைச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. டியூப் போட்டதும் பை மளமளவென்று நிறைந்தது. சற்று நேரத்தில் தூங்கிவிட்டார். மகன் நாற்காலியை இழுத்துப் போட்டு, அப்பாவுக்குப் பிடித்த கீர்த்தனைகளை மெல்லப் பாட ஆரம்பித்தார். அந்த ராத்திரிக்கு அந்தப் பாட்டுத்தான் வேண்டியிருந்தது.

இந்த அமைதியின்மை சாவு நெருங்குகிறபோது நிறையப் பேருக்கு வரும். உறுப்புகள் தளர்வது, மருந்து உடம்பில் தேங்குவது, மலச்சிக்கல் என்று பல காரணங்கள். தொண்டையில் கரகரவென்று ஒரு சத்தமும் கேட்கும். விழுங்க முடியாமல் எச்சில் தேங்குவதுதான் அது. கேட்கிற நமக்குத்தான் வேதனை, அந்த நிலையில் இருக்கிறவருக்குப் பெரும்பாலும் அது தெரிவதில்லை. ஒருக்களித்துப் படுக்கவைத்தால் குறையும். மூச்சு நின்று நின்று வருவதும் அப்படித்தான். நீங்கள் எந்தச் சபையைச் சேர்ந்தவராக இருந்தாலும், முதலில் செவிலியரைக் கூப்பிடுங்கள். ஜெபத்தை நிறுத்தச் சொல்லவில்லை.

மார்ஃபின் என்ற பலமான வலிமருந்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். "சிலுவையில இயேசு வெள்ளைப்போளம் கலந்த ரசத்தை வேண்டாம்னாரே, நாமளும் சகிக்கணும்" என்று வலிமருந்தைத் திருப்பிக் கொடுத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர் தமக்காக எடுத்த முடிவு அது. அடிபட்டுக் கிடந்தவனின் காயத்தில் எண்ணெயும் திராட்சரசமும் வார்த்துக் கட்டிய சமாரியன் கதையைச் சொன்னவரும் அவரேதான். 1967-ல் லண்டனில் செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் ஹாஸ்பிஸை (சாகும் தறுவாயில் இருப்பவர்களைப் பராமரிக்கும் இல்லம்) தொடங்கிய சிசிலி சாண்டர்ஸ் ஆழமான விசுவாசி. செவிலியராக இருந்து டாக்டரானவர். வலி வந்து துடித்த பிறகு மார்ஃபின் கொடுக்காதீர்கள், திரும்ப வருவதற்கு முன்னாலேயே நேரம் வைத்துக் கொடுங்கள் என்று மருத்துவ உலகத்துக்குக் கற்றுக்கொடுத்தவர். வாய்வழி மார்ஃபினை 4 மணி நேரத்துக்கு ஒருமுறை கொடுப்பது அப்படி வந்த வழக்கம். அளவறிந்து கொடுத்தால் அது ஆளைக் கொல்லாது. வலி அடங்கின பிறகு, தானே பைபிளைக் கேட்டு வாங்கி வாசித்தவர்களை எனக்குத் தெரியும்.

பிழைத்து வந்த ஒரு சகோதரர்:

ரத்தத்தில் கிருமி பரவி, நான் வென்டிலேட்டரில் கிடந்தேன். சபை முழு இரவு ஜெபம் வைத்தது. அதே ஜெபக் குறிப்பில் எங்கள் சபைப் பிள்ளை ஒருத்தியின் பெயரும் இருந்தது, ரத்தப் புற்றுநோய். ஒரே ராத்திரி, ஒரே ஆட்கள், ஒரே ஜெபம். நான் வீட்டுக்கு வந்தேன். பிள்ளையை அடக்கம் செய்தார்கள்.

போதகர் என்னைச் சாட்சி சொல்லக் கேட்டார். அந்தத் தாய் முன் வரிசையில் உட்காருகிறவர். முதலில் அவர் வீட்டுக்குப் போய், சொல்லட்டுமா என்று கேட்டேன். "சொல்லுங்க அண்ணா, தேவன் உங்களுக்கு நன்மை செஞ்சிருக்காரு. ஆனா, விசுவாசத்தோட ஜெபிச்சோம், அதனால கிடைச்சதுன்னு மட்டும் சொல்லாதீங்க. நாங்களும் அப்படித்தான் ஜெபிச்சோம்" என்றார்.

அன்றிலிருந்து என் சாட்சியில் அந்த "அதனால" கிடையாது. எனக்குக் கொடுத்த ஆன்டிபயாடிக்கையும், ராத்திரி முழுக்க சளியை உறிஞ்சி எடுத்துக்கொண்டிருந்த செவிலியரையும் சேர்த்தே சொல்கிறேன். தேவ மகிமை குறைகிறது என்று சிலர் வருத்தப்பட்டார்கள். சாகும் வியாதியில் கிடந்த எசேக்கியா ராஜா அழுது ஜெபித்ததும் தேவன் 15 வருஷம் கூட்டிக் கொடுத்தார். அதே அதிகாரத்தில்தான் ஏசாயா தீர்க்கதரிசி அத்திப்பழ அடையைக் கொண்டுவரச் சொல்லி, பிளவை என்கிற கட்டியின் மேல் மருந்தாகப் போடவைக்கிறார். எனக்கு அது போதும்.

ஒரு தகப்பன்:

எங்கள் பையன் போய்விட்டான். "ஆண்டவருக்கு ஒரு பூ தேவைப்பட்டுச்சு" என்றவர்களுக்கு என்னால் இன்றுவரை பதில் சொல்ல முடியவில்லை. யோபுவின் சிநேகிதர் ஏழு நாள் பேசாமல் தரையில் கூட உட்கார்ந்திருந்தார்கள், வாயைத் திறந்த பிறகுதான் எல்லாம் கெட்டது. எங்கள் போதகர் வந்து 88-ம் சங்கீதத்தை வாசித்துவிட்டுப் போனார். கடைசியில் ஓர் ஆறுதல் வரிகூட இல்லாமல் முடிகிற சங்கீதம் அது. பைபிளுக்குள் எனக்கும் இடம் இருக்கிறது என்று அன்றைக்குத் தெரிந்தது.

கேள்வி கேட்கும் ஒரு தம்பி:

செவிலியர் அக்கா, நாங்க கத்தோலிக்கர். அம்மாவுக்கு இனிமே சிகிச்சை இல்லன்னு டாக்டர் சொல்லிட்டாங்க. ஃபாதரைக் கூப்பிடலாம்னா, "பாத்ததும் அம்மா பயந்துருவாங்க, கடைசி நேரத்துல பாத்துக்கலாம்"னு எங்க அக்கா தடுக்கறாங்க. என்ன செய்யறது?

பாலியேட்டிவ் வார்டு செவிலியர்:

தம்பி, கடைசி நேரத்துக்குத் தள்ளாதீங்க. ஃபாதர் வந்து எண்ணெய் பூசி ஜெபிக்கிற நோயில்பூசுதல் சாகும் தறுவாய்க்கு மட்டும் உரியதல்லன்னு, கத்தோலிக்க ஆயர்கள் கூடின இரண்டாம் வத்திக்கான் சங்கமே தெளிவாச் சொல்லியிருக்கு. நோய் கடுமையானா வாங்கலாம், இன்னும் முத்தினா மறுபடியும் வாங்கலாம். உங்க அக்காகிட்ட இதைச் சொல்லுங்க. நினைவு தெளிவா இருக்கும்போது ஃபாதர் வந்தா அம்மா தன் பாவங்களைச் சொல்லி பாவசங்கீர்த்தனம் பண்ண முடியும், விழுங்க முடியறப்போ வந்தா நற்கருணை வாங்க முடியும். மயக்கத்துக்குப் போன பிறகு இது ரெண்டுமே கஷ்டம்.

அதுக்கு முன்னாடி அம்மாகிட்டயே கேளுங்க: "டாக்டர் சொன்னதை எவ்வளவு தெரிஞ்சுக்கணும்னு நினைக்கறீங்கம்மா?" வேண்டாம்னு சொன்னா வற்புறுத்தாதீங்க. நிறைய அம்மாமாருக்கு ஏற்கெனவே தெரிஞ்சிருக்கும், பிள்ளைங்க பயந்துருவாங்கன்னு அவங்க வாயைத் திறக்கறதில்ல. பாலியேட்டிவ் டாக்டரைப் பார்க்கணும்னு வார்டில் நாளைக்குக் காலையிலயே கேளுங்க. வலி எப்போ கூடுது, எதனால குறையுதுன்னு ஒரு தாள்ல எழுதிக்கிட்டுப் போங்க.