பாதியில் நிற்கும் பிளவுஸ், போர்வை, ஃபால்ஸ்: முடிப்பதற்கு நால்வர் தரும் அனுபவக் குறிப்புகள்

ஊசிமுனை:
பாதியில விட்ட தையல் வேலை கிடக்கிற எல்லாப் பையையும் ஒரே பாயில கொட்டுங்க. பிளவுஸ் ஒரு பக்கம், நைட்டி ஒரு பக்கம்னு பிரிச்சா மறுபடி பைக்குள்ளதான் போகும். அடுத்து என்ன வேலை பாக்கின்னு பார்த்துப் பிரிங்க: வெட்ட வேண்டியது, மிஷின்ல ஓட்ட வேண்டியது, கைவேலை மட்டும் மிச்சம் இருக்கிறது (ஹூக், எம்மிங்னு சொல்ற ஓர மடிப்புத் தையல், புடவையோட கீழ் ஓரத்துல உள்பக்கம் தைக்கிற ஃபால்ஸ் பட்டி), ஏதோ சிக்கல்ல நிக்கிறது. கடைசிக் குவியல்தான் பெரிசா இருக்கும், பயப்படாதீங்க.

ஒவ்வொண்ணுக்கும் ஒரு சீட்டு: பாக்கி வேலை, அளவு எடுத்த தேதி, ஊசி நம்பர், அதே நிற நூல் இருக்கா இல்லையா. சீட்டைக் குண்டூசியால குத்தாம நூலால கட்டுங்க. மாசக்கணக்கா குத்தியே கிடக்கிற குண்டூசி துருப்பிடிச்சு துணியில கறை இறக்கிடும், கடலோர ஊர்ல சீக்கிரமே. வெள்ளைக் காட்டன்ல எலுமிச்சைச் சாறும் உப்பும் தடவி வெயில்ல காயவச்சு அலசினா கறை மங்கும். பட்டிலயும் சாயத்துணியிலயும் இந்த வேலையே வேண்டாம்.

கைவேலைக் குவியலை முதல்ல முடிச்சா பை சட்டுனு குறையும்.

காஜா:
கடைசி வரிக்கு மட்டும் மறுப்பு. கைவேலைக்குக் கரண்டோ மேசையோ வேண்டாம். டிவி முன்னாலும் பஸ்ஸிலும் நடக்கும். மிஷின் முன்னால் உட்காரக் கிடைக்கும் இரண்டு மணி நேரத்தை அதில் கழிக்கக் கூடாது. மிஷின் குவியலை நூல் நிறப்படி அடுக்கி, வெளிர் நிறத்தில் தொடங்கி அடர் நிறத்துக்குப் போங்கள். ஒவ்வொரு நிறத்துக்கும் இரண்டு பாபின் (அடிநூல் உருளை) முன்பே சுற்றி வைத்துவிடுங்கள்.

சிக்கலில் நிற்கும் பிளவுஸுகளில் பெரும்பாலும் அளவு மாறியிருக்கும், அல்லது கை ஏறாது. வெட்டி ஆறு மாதம் தாண்டியிருந்தால் மார்பு, இடுப்பு, கைச்சுற்று மூன்றையும் மறுபடி எடுங்கள். பக்கத் தையலில் ஓரத்துக்கு ஒரு இஞ்ச் விட்டிருந்தால் அரை இஞ்ச் தாராளமாகப் பிரிக்கலாம். முன்னும் பின்னுமாக நான்கு ஓரம், ஆக மொத்தம் இரண்டு இஞ்ச் கிடைக்கும். கையின் அடித்தையலையும் ஓரத்துக்கு அரை இஞ்ச் பிரித்தால்தான் அக்குளில் சுருக்கு விழாது.

கை ஏறவில்லை என்று கையை வெட்டிக் குறைப்பவர்கள் அதிகம். கை அரை இஞ்ச் வரை பெரிதாக இருந்தால் காட்டனில் அமுக்கி ஏற்றிவிடலாம். அதற்கு மேல் என்றால் உடம்புத் துணியின் அக்குள் வளைவைக் கால் இஞ்ச் இறக்குங்கள். சுற்று ஏறக்குறைய அரை இஞ்ச் கூடும்.

நனைக்காத லைனிங்கில் (உள்துணியில்) வெட்டியது என்று தெரிந்தால், கழுத்து தைக்கும் முன் பிரித்து நனைத்து மறுபடி வெட்டுங்கள். அப்படியே முடித்தால் முதல் துவைப்பிலேயே லைனிங் சுருங்கி, மேல்துணி உப்பி நிற்கும். ஃபால்ஸும் அப்படித்தான். நனைக்காமல் தைத்தால் புடவையின் கீழ் ஓரம் அலை அலையாகச் சுருட்டும்.

பெடல்:
துணிக்கு முன்னாடி மிஷினைப் பாருங்கப்பா. மூணு மாசம் ஓடாத இரும்பு மிஷின்ல எண்ணெய் பிசினாட்டம் இறுகியிருக்கும். எண்ணெய்த் துளைகள்ல ரெண்டு சொட்டு மண்ணெண்ணெய் விட்டு, நூல் இல்லாம அஞ்சு நிமிஷம் மிதிச்சு, அழுக்கைத் துடைச்ச பிறகு மிஷின் எண்ணெய் விடுங்க. பிளாஸ்டிக் பாகம் இருக்கிற மோட்டார் மிஷினுக்கு இது ஆகாது. பெல்ட் வழுக்கினா கிளிப்பைக் கழட்டி கால் இஞ்ச் வெட்டி மாட்டுங்க. முதல்ல பத்து நிமிஷம் பழந்துணியில ஓட்டுங்க, கசியிற எண்ணெய் அதுலயே போகட்டும்.

அடியில நூல் கொத்துக் கொத்தா சிக்கினா பாபினைத் திட்டாதீங்க. தப்பு பெரும்பாலும் மேல்நூல்லதான். துணியை அமுக்கிப் பிடிக்கிற பிரஷர் ஃபுட்டை இறக்கிட்டு நூல் கோர்த்தா, நூலை இறுக்கிப் பிடிக்கிற டென்ஷன் தட்டுக்கு நடுவுல நூல் போய் உட்காராது. தூக்கி வச்சுட்டுக் கோருங்க.

ஒட்டுத்துணி:
பாதியில் நின்றுபோன ஒட்டுப் போர்வைகளில் அடிக்கடி கேட்கும் புகார், துண்டுத்துணிகளைச் சேர்த்துத் தைத்த கட்டங்கள் ஒன்றோடொன்று பொருந்தவில்லை என்பது. காரணம் ஓரத்திலிருந்து கால் இஞ்ச் தள்ளிப் போடும் தையல் உண்மையில் கால் இஞ்ச்சாக இல்லாததுதான். 2½ இஞ்ச் அகலப் பட்டி மூன்றைச் சேர்த்துத் தைத்துப் பாருங்கள்: நடுப்பட்டி சரியாக 2 இஞ்ச், மொத்த அகலம் 6½ இஞ்ச் வரவேண்டும். ஒவ்வொரு ஓரத்திலும் 1/16 இஞ்ச் பிசகினால், பன்னிரண்டு கட்டம் கொண்ட வரிசையில் உள்ள 11 தையலுக்கு 1⅜ இஞ்ச் போய்விடும். தைத்து முடித்த கட்டங்களைப் பிரிக்க வேண்டாம். ஒவ்வொன்றையும் சுற்றி ஒரு பட்டி தைத்து, எல்லாவற்றையும் ஒரே அளவாக வெட்டிக்கொள்ளுங்கள்.

நாற்பது கட்டம் நினைத்து இருபதில் நின்றதா? இருபதே போதும். தைத்த பின் 12 இஞ்ச் வரும் கட்டங்களை அகலத்தில் நான்கு, நீளத்தில் ஐந்து என வைத்து, இடையிலும் சுற்றிலும் 2 இஞ்ச் பட்டி (வெட்டும்போது 2½) கொடுத்தால் 58க்கு 72 இஞ்ச். ஒற்றைக் கட்டிலுக்கு விரிப்பு ஆயிற்று.

உள்ளே பழைய காட்டன் புடவை போதும். 5½ மீட்டர் புடவையை மூன்றாக மடித்தால் ஆறடி நீளம், மூன்று அடுக்கு. ஜரிகை ஓரத்தை வெட்டி எடுத்துவிடுங்கள், ஊசி முறியும். அடித்துணி நாலு பக்கமும் 2 இஞ்ச் கூடுதலாக இருக்கட்டும். உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சேஃப்டி பின். ஊசி 16, தையல் நீளம் 3 மி.மீ. நடுவில் தொடங்கி ஓரத்துக்குப் போக வேண்டும். கர்நாடகத்தின் உத்தர கன்னட மாவட்டத்தில் வாழும் சித்தி இனப் பெண்கள் தங்கள் கவுதி என்ற ஒட்டுப் போர்வையை ஓரத்தில் தொடங்கிச் சுற்றிச் சுற்றி நடுவுக்குத் தைக்கிறார்கள். கையால், ஒட்டுகளை அவ்வப்போது வைத்துக்கொண்டே போவதால் அது படிகிறது. முழுதாக அடுக்கியதை மிஷினில் அப்படி ஓட்டினால் நடுவில் துணி கூடாரம் போட்டு நிற்கும்.

ஓரப்பட்டிக்குக் குத்துமதிப்பாக வெட்டிப் பத்தாமல் போனவர்களுக்கு ஒரு கணக்கு. 60க்கு 90 இஞ்ச் போர்வையின் சுற்றளவு 300. மூலைக்கும் இணைப்புக்கும் 12 கூட்டினால் 312. 44 இஞ்ச் பன்னா (அகலம்) உள்ள துணியில் 2½ இஞ்ச் பட்டி எட்டு வேண்டும், அதாவது 20 இஞ்ச் துணி. 60 செ.மீ. வாங்குங்கள்.

ஊசிமுனை:
காஜா சொன்னது சரிதான், கைவேலை டிவிக்கே போகட்டும். இன்னொண்ணு: தானா மறையிற பேனாவுல குறிச்ச துணி இருந்தா அதை மத்ததுக்கு முன்னாடி எடுங்க, கோடு ரெண்டு மூணு நாள்ல போயிடும். தண்ணியில கரையிற நீலப் பேனாக் கோடுன்னா அலசுற வரைக்கும் அயர்ன் பாக்ஸ் பக்கமே கொண்டுபோகாதீங்க. சூடு பட்டா கோடு அப்படியே தங்கிடும்.