எதிர்வீட்டுப் போலீஸ் கார்

குழு: கீழமாசி வீதிக் குடும்பம்

ஞாயிறு

அப்பா · பிற்பகல் 2:38
எதிர்வீட்டுப் போலீஸ்காரரை வாக்கிங்ல பார்த்தேன். அவர் பேசினதைப் பேரன்தான் தமிழ்ல மாத்தி எனக்குச் சொன்னான். ஜனவரியிலருந்து போலீஸ் வண்டியை ஸ்டேஷன்லயே விட்டுட்டு வரணும்னு அவர் வேலை பார்க்கிற ஊர்ல முடிவு பண்ணப் போறாங்களாம். சம்பள உயர்வும் கிடையாதாம். 11 வருஷ சர்வீஸ். முகமே வாடிப்போச்சு.

தம்பி · 2:41
அரசாங்க வண்டி ஸ்டேஷன்லதானேப்பா நிக்கணும்? வீட்டுக்குக் கொண்டு வர்றதே தப்பில்லையா?

அப்பா · 2:42
நானும் அமெரிக்கா வந்த புதுசுல அப்படித்தான் நினைச்சேன்.

நான் · 2:47
தமிழ்ப் பள்ளி வாசல்ல கார்ல உட்கார்ந்திருக்கேன். நேரம் இருக்கு, சொல்றேன். தம்பி, இது இங்கே இண்டியானா மாநிலத்துலருந்தே பரவின பழக்கம். 1969-ல ரிச்சர்ட் லூகர் மேயரா இருந்தப்போ இண்டியானாபொலிஸ்ல ஆரம்பிச்சாங்க. ஒவ்வொரு போலீஸ்காரருக்கும் ஒரு கார், டியூட்டி முடிஞ்சாலும் அவர் கையிலயே. தெருவுக்குத் தெரு போலீஸ் கார் கண்ணுல படணும்ங்கிறதுதான் யோசனை. கடைக்குப் போனாலும் ரேடியோவைப் போட்டுக்கிட்டே போவாங்க, பக்கத்துல ஏதாவது நடந்தா உடனே போய் நிப்பாங்க.

சித்தப்பா (நியூஜெர்சி) · 2:52
கணக்குப் பார்க்கிறவன் நான், அதனால கேட்கிறேன்மா. மூணு ஷிஃப்ட்டுக்கு ஒரு வண்டி போதும்ங்கிற இடத்துல ஆளுக்கு ஒரு வண்டி. வாங்கணும், இன்ஷூரன்ஸ் கட்டணும், பெட்ரோல் போடணும். எல்லாம் உன் வரிப்பணம்.

நான் · 2:56
சரிதான் சித்தப்பா. ஆனா மூணு பேர் மாத்தி மாத்தி ஓட்டுற வண்டி 24 மணி நேரமும் எஞ்சின் ஓடிக்கிட்டே இருக்கும். நின்ன இடத்துல ஒரு மணி நேரம் எஞ்சின் ஓடினா 33 மைல் ஓட்டின தேய்மானம்னு ஃபோர்டு கம்பெனியே கணக்கு சொல்லுது. ஒருத்தர் கையில இருக்கிற வண்டி பல வருஷம் கூட வரும், டயர்லருந்து எண்ணெய் வரைக்கும் அவரே பார்த்துக்குவாரு. ஆனாலும் மொத்த முதலீடு கூடத்தான், அதை நான் மறுக்கலை.

அம்மா · 2:58
அந்தக் கார் நிக்கிற தைரியத்துலதான் நான் சாயங்காலம் தனியா நடக்கப் போறேன்.

நான் · 3:00
உங்களுக்குத் தைரியம்மா. உங்க பேரனோட கறுப்பின நண்பன் வீட்டுல அதே காரைப் பார்த்தா வேற மாதிரி இருக்கும்னு அவனே எங்கிட்ட சொல்லியிருக்கான். அதையும் மறக்கக் கூடாது.

சித்தப்பா · 3:06
பேச்சு இவ்வளவு தூரம் வந்ததால ஒண்ணு சொல்றேன். போலீஸ்னு எழுதின கார்ல வேலைக்குப் போய் வர்றதை வருமான வரித்துறை வருமானமா எடுத்துக்கறதில்லை. எந்த நேரமும் அழைப்புக்குத் தயாரா இருக்கணும், அவருக்குக் கைது அதிகாரம் இருக்கிற எல்லையைத் தாண்டிச் சொந்த வேலைக்கு எடுக்கக் கூடாதுன்னு நிபந்தனை உண்டு. டபிள்யூ-2ங்கிற வருஷச் சம்பளப் படிவத்துல ஒரு டாலர்கூட ஏறாது. அவருக்கு ஸ்டேஷன் எவ்வளவு தூரம்?

நான் · 3:07
15 மைல்.

சித்தப்பா · 3:10
போக வர 30. 2025-க்கு ஒரு மைலுக்கு 70 சென்ட்னு அரசாங்கமே வச்சது. அப்போ நாளைக்கு 21 டாலர். 12 மணி நேர ஷிஃப்ட்டுன்னா வருஷத்துக்குச் சுமார் 180 நாள் வேலை. 3,780 டாலர். அதுவும் வரி கழிச்ச பிறகு கையிலருந்து போற காசு. அவருக்குச் சம்பளத்துல இதுக்கும் மேலயே வெட்டு விழுற மாதிரி.

நான் · 3:11
இதுதான் சித்தப்பா! இதைத்தான் எனக்குச் சொல்லத் தெரியலை.

அப்பா · 3:19
நான் தமிழ்நாட்டுல போலீஸா இருந்த காலத்துல எனக்குக் கார் எங்கே, சைக்கிள்தான். ஆனா குவார்ட்டர்ஸ் இருந்துச்சு. 1981-ல போலீஸ் வீட்டு வசதிக் கழகம் வந்த பிறகு கட்டின வீடு, ஒண்ணரை ரூம். வாடகை இல்லாததாலதான் உங்க ரெண்டு பேருக்கும் ஃபீஸ் கட்ட முடிஞ்சது. அதை யாரும் சம்பளம்னு சொன்னதில்ல. ஆனா அது சம்பளம்தான். அதே சமயம் ராத்திரி ரெண்டு மணிக்குக் கதவைத் தட்டினா அஞ்சு நிமிஷத்துல மொத்த லைனும் யூனிஃபார்ம்ல நிக்கும். ஊர்ல சிதறிக் கிடந்தா அது நடக்குமா? அரசாங்கம் சும்மா குடுக்கல.

அம்மா · 3:21
அந்த ரெண்டு மணிக் கதவுச் சத்தம் இன்னும் காதுல இருக்கு.

தம்பி · 3:30
சரி, நான் சொன்னதை வாபஸ் வாங்கறேன். எங்க ஊர்ல நடந்ததைச் சொல்றேன். நான் 2009-ல கலிஃபோர்னியாவுல சான் ஹோசே வந்தேன். 2011-ல சம்பளத்துல 10 சதவீதம் வெட்டு, 66 போலீஸ்காரங்களை வேலையை விட்டு அனுப்பினாங்க. 2012 ஜூன்ல மெஷர் பி-ன்னு ஒரு வாக்கெடுப்பு, பென்ஷனைக் குறைக்க. கிட்டத்தட்ட 70 சதவீதம் பேர் ஆமாம்னு போட்டாங்க. பென்ஷன் செலவு பத்து வருஷத்துல மூணு மடங்குக்கு மேல ஏறிப்போச்சு, மேயர் சக் ரீட் சொன்னது பொய்யில்ல. ஆனா அப்புறம் என்ன ஆச்சு? பக்கத்து ஊர்க்காரங்க கூடச் சம்பளம் குடுத்து ஆளைக் கூட்டிக்கிட்டுப் போயிட்டாங்க. அகாடமியில பயிற்சி குடுக்கிறது இங்கே, வேலை பார்க்கிறது அங்கே. 2008 வாக்குல 1,400 போலீஸ் இருந்த ஊர், பத்து லட்சம் ஜனம், கடைசியில 1,000-க்குக் கீழ போயிருச்சு.

தம்பி · 3:32
2016 நவம்பர்ல மெஷர் எஃப்-ன்னு இன்னொரு வாக்கெடுப்பு வச்சுக் கொஞ்சத்தைத் திருப்பிக் குடுத்தாங்க. போன ஆட்கள் எல்லாரும் திரும்பி வரலை.

சித்தப்பா · 3:38
என் வீட்டுக்குப் பக்கத்துல கேம்டன். 2011 ஜனவரியில கிட்டத்தட்ட பாதிப் போலீஸை ஒரே நாள்ல அனுப்பினாங்க. 77,000 பேர் இருக்கிற ஊர்ல 2012-ல 67 கொலை. அப்புறம் 2013 மே மாசம் நகரப் போலீஸையே கலைச்சுட்டுக் கவுன்ட்டி போலீஸா மாத்தினாங்க. போலீஸ் யூனியனோட பழைய சம்பள ஒப்பந்தம் போச்சு, குறைஞ்ச செலவுல கூடுதல் ஆளை எடுத்தாங்க, அப்புறம் குற்றமும் குறைஞ்சது. ஒப்பந்தம் கையை மீறிப் போனா இப்படியும் முடியும்னு சொல்றேன். கலிஃபோர்னியாவுல வல்லெஹோ ஊர் 2008-ல திவால் ஆனதுக்கும் இதுதான் முக்கியக் காரணம், பொது நிதியில முக்கால்வாசி போலீஸ், தீயணைப்புச் சம்பளத்துக்கே போச்சு. உனக்கும் அந்த ரெண்டு பக்கமும் தெரிஞ்சிருக்கணும்.

நான் · 3:44
தெரியும் சித்தப்பா. ஆனா இவங்க ஊர் வல்லெஹோ இல்ல. இங்கே பணம் ஏன் இல்லைன்னு பாருங்க. 2008-ல சட்டம் போட்டு வீட்டு வரிக்கு உச்சவரம்பு வச்சாங்க. சொந்த வீட்டுக்கு மதிப்புல 1 சதவீதம், வாடகை வீட்டுக்கு 2, கடை கம்பெனிக்கு 3. 2010-ல ஓட்டுப் போட்டு அரசியல் சட்டத்துலயே சேர்த்துட்டாங்க. 2025 ஏப்ரல்ல இன்னொரு சட்டம், 2026-லருந்து சொந்த வீட்டு வரியில 10 சதவீதம், அதிகபட்சம் 300 டாலர் தள்ளுபடி. நம்ம வீட்டுக்கும் அது வரும். அந்த ஊர் வீடுகளுக்குக் குடுக்கிற 300 டாலரும் எதிர்வீட்டுக்காரரோட காரும் ஒரே பையிலருந்துதான் போகுது.

தம்பி · 3:46
வருமான வரியை ஏத்தலாமே? இண்டியானால உள்ளூர் வருமான வரி உண்டுல்ல?

நான் · 3:49
உண்டு. 2007-ல இண்டியானாபொலிஸ் மேயர் பார்ட் பீட்டர்சன் முக்கியமா காவலுக்குன்னு 1 சதவீதத்தை 1.65 ஆக்கினார். அந்த நவம்பர்லயே தேர்தல்ல தோத்துட்டார். அதனால பலருக்குத் தைரியம் வர்றதில்ல. வண்டியைப் பிடுங்கினா யாரும் ஓட்டை மாத்திப் போட மாட்டாங்க.

நான் · 3:50
நாளைக்கு ராத்திரி 7 மணிக்கு எதிர்வீட்டுக்காரர் வேலை பார்க்கிற ஊரோட பட்ஜெட் பொது விசாரணை. பக்கத்து ஊர்னாலும் என் ஆஸ்பத்திரி அங்கே இருக்கு, நான் வேலை பார்க்கிற ஊர். 3 நிமிஷம் பேச விடுவாங்க. நான் பேசப் போறேன்.

அம்மா · 3:51
கோபமாப் பேசாத. உனக்குக் கோபம் வந்தா குரல் அடைச்சுக்கும்.

அப்பா · 3:53
எழுதி வச்சுக்கிட்டுப் படி.

நான் · 6:20
வீட்டுக்கு வந்து எழுதினேன், இங்கிலீஷ்ல. தமிழ்ல சாராம்சம் இது:

காரை எடுத்தா அது செலவுக் குறைப்பு இல்ல, சம்பளக் குறைப்பு. அதை அந்தப் பேர்லயே பட்ஜெட்ல எழுதுங்க. ஒவ்வொருத்தருக்கும் எவ்வளவு குறையுதுன்னு கணக்குப் போட்டுக் காட்டுங்க. காரை வச்சுக்க விட்டா தூரத்துக்கு ஒரு எல்லை வையுங்க, 20 மைலுக்கு மேல இருக்கிறவங்க பெட்ரோலுக்குப் பங்கு குடுக்கட்டும். லீவு நாள்ல அந்தக் காரை எடுத்துக்கிட்டுக் கடைக் காவலுக்குப் போறவங்க அதுக்குத் தனியாக் கட்டணும். எடுத்தே ஆகணும்னா அந்தப் பணத்துல பாதியைச் சம்பளத்துல சேருங்க.

சித்தப்பா · 6:27
“பாதி” வேண்டாம். பேரம் பேசற மாதிரி இருக்கு. எவ்வளவு சேர்க்கப் போறீங்கன்னு அவங்களையே கேள். பதில் அவங்க வாயிலருந்து வரட்டும்.

தம்பி · 6:29
சான் ஹோசே கணக்கை ஒரு வரியில சொல்லு அக்கா. புதுசா ஒரு ஆளை எடுத்துப் பயிற்சி குடுக்கிற செலவும் அவங்களுக்குத் தெரியும்.

நான் · 6:30
சரிடா. ரெண்டையும் மாத்திட்டேன்.

அப்பா · 6:34
நானும் வர்றேன். பேச மாட்டேன். பின்னாடி உட்கார்ந்துக்கறேன்.

திங்கள்

நான் · இரவு 8:51
முடிஞ்சுது. எனக்கு முன்னாடி ஒரு வயசான அம்மா பேசினாங்க, ஓய்வு பெற்ற டீச்சர். தன் வரி ஏற்கனவே கட்ட முடியாத அளவுக்கு இருக்குன்னு அழுதாங்க. அவங்க சொன்னதுல தப்பே இல்ல. அவங்களுக்கு அப்புறம் எழுந்து பேசறது கஷ்டமா இருந்துச்சு. “எனக்கு வர்ற 300 டாலர் வேண்டாம்னு நான் சொல்லலாம், இந்த அம்மாவை அப்படிச் சொல்லச் சொல்ல எனக்கு உரிமை இல்லை”ன்னு ஆரம்பிச்சேன். அது எழுதி வச்சதுல இல்ல.

தம்பி · 8:53
என்ன சொன்னாங்க?

நான் · 8:56
சித்தப்பா கேள்வியைத்தான் கேட்டேன். எவ்வளவு குறையுது, எவ்வளவு சேர்ப்பீங்கன்னு. நிதி அதிகாரி கையில கணக்கு இல்லை. ஓட்டெடுப்பை ரெண்டு வாரம் தள்ளி வச்சிருக்காங்க, கணக்கோட வரணும்னு ஒரு உறுப்பினர் கேட்டுக்கிட்டார்.

சித்தப்பா · 8:58
நல்லதும்மா. அந்தக் கணக்கு வந்ததும் எனக்கு அனுப்பு, வரி வரியாப் பார்க்கிறேன்.

அம்மா · 8:59
குரல் அடைச்சுச்சா?

நான் · 9:00
கொஞ்சம்.

அப்பா · 9:07
எதிர்வீட்டுக்காரர் டியூட்டியில இருந்தாரு, வர முடியல. நாளைக்குக் காலையில வாக்கிங்ல அவர்கிட்ட நானே சொல்றேன். பேரனை ஆறரைக்கு எழுப்பிவிடு.