கிளிமிபிரைடு: ஏறிய சர்க்கரை மறுபடி இறங்குவது ஏன்?

கேள்வி: கிளிமிபிரைடு என்ற சர்க்கரை நோய் மாத்திரை 2 மி.கி. போடுபவருக்கு ரத்தச் சர்க்கரை 58 மி.கி./டெ.லி. சீனித்தண்ணீர் கொடுத்ததும் ஏறியது. மூன்று மணி நேரத்தில் திரும்ப இறங்கிவிட்டது. ஏன்?

பதில் 1: கணையத்தில் இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்லில் பொட்டாசியம் வாசலை அடைத்து இன்சுலினைப் பிழிந்தெடுக்கும் மாத்திரை அது. ரத்தத்தில் சர்க்கரை குறைந்தாலும் நிறுத்தாது. வேகம் ஒரு நாள் வரை இருக்கும். குடித்த சீனி அதற்குள் தீர்ந்துவிடும். 15 கிராம் குளுக்கோஸ், 15 நிமிடத்தில் மறுசோதனை, 70 தாண்டியதும் இட்லியோ சோறோ. இரண்டாம் முறை இறங்கினால் ஆஸ்பத்திரிதான். கிட்னி பழுதென்றால் இதே வகை மாத்திரையான கிளிபென்கிளமைடு இன்னும் மோசம். அது உடலில் சிதைந்து உண்டாகும் பொருட்களும் சர்க்கரையை இறக்கும், பழுதான கிட்னியால் அவற்றை வெளியேற்ற முடியாது.

பதில் 2: கூடவே வோக்லிபோஸ் (குடலில் மாவும் சீனியும் உடைவதைத் தாமதிக்கும் மாத்திரை) உண்டா? இருந்தால் சீனி மெதுவாகத்தான் உடையும். குளுக்கோஸ் பவுடரே கொடுங்கள். மயங்கியவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள்.

கேட்டவர்: உண்டு. படர்தாமரைக்கு ஃப்ளூகோனசோல் என்ற பூஞ்சை மாத்திரையும் ஓடுகிறது.

பதில் 1: ஃப்ளூகோனசோல்தான் ஆள்! கல்லீரலில் கிளிமிபிரைடு சிதைவதை அது தடுக்கும். இன்றே டாக்டரிடம் சொல்லுங்கள்.