மாடியில் 3 கிலோவாட் சோலார் இருந்தும் கரன்ட் போனால் ஃபேன் நின்றுவிடுகிறது, என்ன செய்யலாம்?

மொட்டைமாடி (கேள்வி)

வீடு தஞ்சாவூர் பக்கம். 3 கிலோவாட் ஆன்-கிரிட் (ஈபி லைனோடு சேர்ந்தே ஓடுவது), சிங்கிள் பேஸ். 540 வாட் பேனல் 6, எல்லாம் ஒரே ஸ்ட்ரிங் (ஒன்றன்பின் ஒன்றாகச் சீரீஸில் கோர்த்தது). நெட் மீட்டர் (லைனிலிருந்து எடுத்ததையும் லைனுக்குக் கொடுத்ததையும் கணக்கிடுவது) வைத்தாயிற்று, மானியம் 78,000-மும் வந்துவிட்டது. பில் குறைந்தது, அதில் குறையில்லை. ஆனால் மாதாந்திரப் பராமரிப்பு என்று ஈபியில் காலை 9 மணிக்கு நிறுத்தினால், அத்தனை வெயிலிலும் சோலாரும் சேர்ந்து நின்றுவிடுகிறது.

பழைய ஹோம் யுபிஎஸ் ஒன்று இருக்கிறது: 12 வோல்ட், சைன்வேவ், 150 ஏஎச் (ஆம்பியர்-மணி) டியூபுலர் (லெட்-ஆசிட் வகை) பேட்டரி. "யுபிஎஸ் அவுட்புட்டில் சோலார் இன்வெர்ட்டரைக் கோர்த்துவிட்டால் கரன்ட் இல்லாதபோதும் ஓடும்" என்கிறார் எலக்ட்ரீஷியன். செய்யலாமா? ஓட வேண்டியவை 3 ஃபேன், 5 எல்இடி, வைஃபை, ஃபிரிட்ஜ். ஏசி வேண்டாம்.

காப்பர்கம்பி

அந்த இணைப்பை மட்டும் செய்துவிடாதீர்கள் சார்.

ஆன்-கிரிட் இன்வெர்ட்டர் லைனில் மின்சாரம் இல்லையென்றால் தானாக நின்றாக வேண்டும். கம்பத்தில் ஏறியிருக்கும் லைன்மேன் மேல் உங்கள் மாடி கரன்ட் பாயக் கூடாது என்பதற்காக வைத்த பாதுகாப்பு அது. பழுது இல்லை. யுபிஎஸ்ஸின் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸைக் காட்டினால் "லைன் வந்துவிட்டது" என்று நம்பி அது ஓட ஆரம்பிக்கும் என்பது உண்மைதான். சிக்கல் அதற்குப் பிறகு. வெயிலில் 2,000 வாட் வருகிறது, வீடு இழுப்பது 300 வாட் என்று வையுங்கள். மீதி 1,700 வாட் யுபிஎஸ்ஸுக்குள் பின்பக்கமாகப் போய் பேட்டரியில் இறங்கும். 12 வோல்ட்டில் அது 140 ஆம்பியர். 150 ஏஎச் டியூபுலருக்குக் கொடுக்க வேண்டியது 15 ஆம்பியர் சொச்சம்தான். பேட்டரி கொதிக்கும், ஹைட்ரஜன் வெளியேறும், அதற்கு முன்பே யுபிஎஸ்ஸின் மாஸ்ஃபெட் (பவர் ட்ரான்சிஸ்டர்) வெடித்திருக்கும்.

அவுட்புட்டில் சோலாரைச் சேர்க்கவென்றே செய்த ஹைப்ரிட் இன்வெர்ட்டர்கள் (சோலார், பேட்டரி, லைன் மூன்றையும் கையாள்பவை) உண்டு. பேட்டரி நிறைந்ததும் அவை ஃப்ரீக்வென்சியை 50-க்கு மேலே ஏற்றும், அதைப் பார்த்து ஆன்-கிரிட் இன்வெர்ட்டர் உற்பத்தியைக் குறைத்துக்கொள்ளும். சாதாரண ஹோம் யுபிஎஸ்ஸில் அந்த ஏற்பாடே கிடையாது.

யுபிஎஸ்ஸைத் தனியாக விடுங்கள். கரன்ட் இருக்கும்போது லைனிலிருந்து சார்ஜ் ஆகட்டும், இல்லாதபோது ஓடட்டும். சோலாருக்கும் அதற்கும் நேர்த்தொடர்பே வேண்டாம்.

ஓம்விதி

மேலே சொன்னதுதான் சரி. ஆனால் பேட்டரிக் கடைக்குப் போவதற்கு முன் கணக்குப் போடுங்கள்.

சாதா ஃபேன் 75 வாட். 3-க்கு 225. எல்இடி 5 × 9 = 45. வைஃபை 10. ஃபிரிட்ஜ் நின்று நின்று ஓடுவதால் சராசரி 60 என்று வைக்கலாம். மொத்தம் 340 வாட், 5 மணி நேரத்துக்கு 1.7 யூனிட்.

உங்கள் பேட்டரி ஏட்டளவில் 12 × 150 = 1,800 வாட்-மணி, அதாவது 1.8 யூனிட். டியூபுலரைப் பாதிக்கு மேல் இறக்கினால் ஆயுள் குறையும். யுபிஎஸ் இழப்பு 15 சதவீதம். கையில் வருவது 0.75 யூனிட் அளவுதான், அதுவும் பேட்டரி நல்ல நிலையில் இருந்தால். ஆக, இரண்டே கால் மணி நேரம்.

இப்போது ஃபேனை மட்டும் 30 வாட் பிஎல்டிசிக்கு (குறைந்த மின்சாரத்தில் ஓடும் மோட்டார் உள்ள ஃபேன்) மாற்றுங்கள். மொத்தம் 205 வாட்டாகும், அதே பேட்டரி மூன்றரை மணி நேரத்துக்கு மேல் தாங்கும். இரண்டாவது பேட்டரி வாங்குவதைவிட இதுதான் முதலில் செய்ய வேண்டியது, பில்லிலும் குறையும். ஃபிரிட்ஜை முதல் 2 மணி நேரம் யுபிஎஸ்ஸில் போடாமல் விட்டாலும் கெடாது, கதவைத் திறக்காமல் இருந்தால் போதும். பழைய வகை கம்ப்ரசர் கிளம்பும்போது ஓடும் வாட்டைப் போலப் பல மடங்கு இழுக்கும். உங்களுடையது 850 விஏ மாதிரி யுபிஎஸ் என்றால், அது ஓவர்லோடில் விழுவது (நின்றுவிடுவது) பெரும்பாலும் அந்த நொடியில்தான்.

பகலில் வெயிலிலேயே இந்த பேட்டரியைச் சார்ஜ் செய்ய ஆசை இருந்தால் தனியாக ஒரு பேனலும் எம்பிபிடி சார்ஜ் கண்ட்ரோலரும் (பேனலின் முழு வாட்டையும் எடுத்து பேட்டரி வோல்டேஜுக்கு மாற்றித் தருவது) போதும். மலிவான பிடபிள்யூஎம் வகைக் கண்ட்ரோலர் வேண்டாம். 540 வாட் பேனல் வேலை செய்வது 41 வோல்ட் அருகே. பிடபிள்யூஎம் அதை 13, 14 வோல்ட்டுக்கு இழுத்துவிடும். பாதிக்கு மேல் வீண்.

மொட்டைமாடி

யுபிஎஸ் விஷயம் புரிந்தது. ஃபேனை மாற்றிவிடுகிறேன். ஆன்-கிரிட்டை எடுத்துவிட்டு ஹைப்ரிட்டும் லித்தியமும் போட்டால்? கஜா மாதிரிப் புயல் அடித்தால் நாள் கணக்கில் கரன்ட் வராது, அதையும் யோசிக்கிறேன்.

காப்பர்கம்பி

நாள் கணக்கு என்றால் ஹைப்ரிட்தான். 2018 நவம்பரில் டெல்டாவில் கம்பங்களே விழுந்து கிடந்தன; அந்த நிலையில் வெயிலில் மறுபடி நிரம்பாத பேட்டரி முதல் ராத்திரியோடு சரி. 51.2 வோல்ட், 100 ஏஎச் எல்எஃப்பி (லித்தியம் வகை) பேட்டரி 5.12 யூனிட். 90 சதவீதம் வரை இறக்கி, இழப்பு போக 4.1 யூனிட் கிடைக்கும். உங்கள் 205 வாட் 20 மணி நேரம் ஓடும். ஆனால் வாங்குவதற்கு முன் சில விஷயங்கள்.

முதலில் ஸ்ட்ரிங் வோல்டேஜ். 6 பேனலும் சீரீஸில் திறந்த நிலையில் (லோடு எதுவும் இல்லாதபோது) 295 வோல்ட் வரும். ஹைப்ரிட் என்ற பெயரில் விற்பவற்றில் சில 145 வோல்ட்டுக்கு மேல் தாங்காது. பெட்டியில் உள்ள அதிகபட்ச பிவி (பேனல்) வோல்டேஜைப் படிக்காமல் கனெக்டரைச் செருகினால் அன்றே போய்விடும்.

பேட்டரி கேபிள்: 3 கிலோவாட்டை 48 வோல்ட்டில் எடுத்தால் 70 ஆம்பியர் வரை. 25 சதுர மி.மீ. காப்பர், பேட்டரிக்கு அருகிலேயே 100 ஆம்பியர் டிசி ஃப்யூஸ். ஏசி கரன்ட்டுக்கான எம்சிபியை (தானாகத் துண்டிக்கும் ஸ்விட்ச்) டிசி லைனில் போடுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். டிசி ஆர்க் (தீப்பொறி) ஏசியைப் போலத் தானே அணையாது, தீப்பிடிக்கும்.

அடுத்தது நியூட்ரல். பேக்கப் லோடுக்குத் தனி டிபி (வயர்களைப் பிரித்துவிடும் பெட்டி), தனி நியூட்ரல் பார். அதை வீட்டு நியூட்ரலோடு சேர்த்தால் ஆர்சிசிபி (லீக்கேஜ் வந்தால் கரன்ட்டைத் துண்டிக்கும் பிரேக்கர்) விழுந்துகொண்டே இருக்கும், எலக்ட்ரீஷியன் கடுப்பில் ஆர்சிசிபியையே கழற்றிவிடுவார். பேக்கப்பில் ஓடும்போது நியூட்ரல் எர்த்தோடு சேராமல் மிதந்தால் லீக்கேஜ் வந்தாலும் ஆர்சிசிபி விழாது. நியூட்ரலை எர்த்தோடு இணைக்கும் ரிலே ஹைப்ரிட்டின் உள்ளேயே இருக்கிறதா என்று மேனுவலில் பாருங்கள்.

நெட் மீட்டர் ஆவணத்தில் பழைய இன்வெர்ட்டரின் விவரம் இருக்கும். ஈபி பிரிவு அலுவலகத்தில் எழுதிக்கொடுத்து ஒப்புதல் வாங்கிவிட்டு மாற்றுங்கள்.

ஓம்விதி

புயல் கணக்கில் ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். லித்தியம் ஒரேயடியாக இறங்கினால் பிஎம்எஸ் (பேட்டரிக்குள் இருக்கும் பாதுகாப்பு சர்க்யூட்) துண்டித்துவிடும். அதன் பிறகு விடிந்து வெயில் வந்தாலும் சில ஹைப்ரிட்கள் பேட்டரி வோல்டேஜ் இல்லாமல் கிளம்பாது. லைனும் இல்லை, பேட்டரியும் இல்லை, பேனல் மட்டும் காய்ந்துகொண்டிருக்கும். பேட்டரியில் 20 சதவீதம் மிச்சம் இருக்கும்போதே நிற்கும்படி கட்-ஆஃபை வையுங்கள். முன் சொன்ன 20 மணி நேரம் 18 ஆகும், பரவாயில்லை.

மொட்டைமாடி

ரொம்ப நன்றி. 1 ஹெச்பி போர் மோட்டாரையும் அந்த 3 கிலோவாட்டில் ஓட்டலாமா?

காப்பர்கம்பி

ஓடும்போது 1 கிலோவாட் சொச்சம்தான். கிளம்பும்போது அதைப்போல 5, 6 மடங்கு கேட்கும். 3 கிலோவாட் ஹைப்ரிட் அந்த நொடியில் விழும், அல்லது பேட்டரியின் பிஎம்எஸ் துண்டிக்கும். மோட்டாரைப் பேக்கப் டிபியில் சேர்க்காதீர்கள். புயல் எச்சரிக்கை வந்தால் முதல் நாளே தொட்டியை நிரப்பி வையுங்கள்.